கேள்வி கேட்கப் போகிறவர்

கருத்தரங்குகளில் கேள்வி கேட்பவரை உங்களுக்குத் தெரியும். தூங்குபவரையும் தெரியும். இருவருக்கும் நடுவே, சுவரோரக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தபடி, இன்னோர் இனம் வாழ்கிறது: கேள்வி கேட்கப் போகிறவர். போன வருடமும் கேட்கப் போனார். இந்த வருடமும் கேட்கப் போகிறார்.

பேச்சாளர் முதல் மிடறு தண்ணீர் குடிக்குமுன்பே இவருக்குக் கேள்வி பிறந்துவிடும். நல்ல கேள்விதான். இவரோ அதைத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, கடுமையாகத் தொனிக்கிறதோ என்று பயந்து ஓர் 'ஒருவேளை' சேர்த்து, அது கோழைத்தனம் என்று எடுத்துவிட்டு, மனம் கேளாமல் மறுபடி சேர்த்து நிமிரும்போது மண்டபத்தில் கதிரை அடுக்குகிறார்கள்.

தாரகாவையே எடுத்துக்கொள்வோம். சிட்னியின் புறநகரான டூங்கபியில் பெற்றோருடன் இருப்பவள், அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி மாணவி. அன்று கருத்தரங்கு, சமூக வலைத்தளங்களும் விநியோகச் சங்கிலித் தொழில்நுட்பமும் பற்றி. தலைமை, அவளுடைய பேராசிரியர் கிரெய்க். மெல்பேர்ன் மாநாட்டில் கட்டுரை வாசிக்க அவர் ஒரு மாணவரை அனுப்பவேண்டும். "இன்று உன் குரலைக் கேட்டால் உன்னையே அனுப்புகிறேன்" என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தார். ஒரு மனிதர் இதைவிட எப்படித்தான் தெளிவாகச் சொல்வது?

கடையில் எந்தப் பொருள் தீரப்போகிறது என்பதை, மக்கள் பேஸ்புக்கில் எழுதுவதை வைத்தே தன் மென்பொருள் முன்கூட்டிச் சொல்லிவிடும் என்றார் பேச்சாளர். "ஒன்றும் எழுதாதவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்."

அங்கே பிறந்தது தாரகாவின் கேள்வி. முந்தின நாள் ஹோம்புஷிலுள்ள தமிழ்க் கடைக்குச் சிவப்பரிசி மா வந்திருந்தது. யாரும் எங்கேயும் எழுதவில்லை. அம்மா தன் சிநேகிதியான ஓர் அன்ரிக்குப் போன் எடுத்தார், அந்த அன்ரி தனக்குத் தெரிந்த அன்ரிமாருக்கெல்லாம் எடுத்தார். அம்மா சொல்லி தாரகா ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது கடைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அப்படியானால் எழுதாதவர்களை இந்த மென்பொருள் எப்படிக் கண்டுகொள்ளும்?

மலேசியாவிலிருந்து கிரெய்க்கிடம் படிக்க வந்த நவீன்ராஜ் பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்தான்.

"கேளு லா."

"ஓம், கேக்கப்போறன். முதல் வசனம்தான் சரிவரேல்ல."

"அப்ப ரெண்டாவது வசனத்துலேர்ந்து கேளு."

"அது மரியாதை இல்லை."

"நீ மரியாதையா கேட்கிறதுக்குள்ள அந்த ஆளு ரிட்டையர் ஆயிடுவாரு."

"கடைசியாக யாராவது?" என்றார் கிரெய்க். நவீன்ராஜ் கையை உயர்த்தினான். உயர்த்திய கையால் தாரகாவைக் காட்டினான்.

மண்டபம் திரும்பியது. அவள் எழுந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தாரகா வார இறுதித் தமிழ்ப் பள்ளி மேடையில் வளர்ந்தவள். அந்த மேடையில் தலைவரை, விருந்தினரை, பெற்றோரை, ஒலிவாங்கி தந்தவரை எல்லாம் வணங்கி முடிக்காமல் ஒரு குழந்தை தன் பெயரைக்கூடச் சொல்லாது. ஆகவே அவள் ஆங்கிலத்தில் தலைவருக்கு நன்றி சொன்னாள். தூரத்திலிருந்து வந்த பேச்சாளருக்கு நன்றி சொன்னாள். ஏற்பாட்டாளர்களுக்கும், பொறுமையோடு இருந்த அவையோருக்கும், அடுத்த அறையில் தேநீர் வைத்திருப்போருக்கும் சொன்னாள். தான் சிறியவள், பிழையிருந்தால் பொறுக்கவேண்டும் என்றாள். பிறகு, கேள்வியைத் தொடங்குமுன், ஒரு மூச்சு எடுத்தாள்.

ஒரே மூச்சுத்தான். அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

"எவ்வளவு அழகான நன்றியுரை" என்றார் கிரெய்க், உண்மையாகவே நெகிழ்ந்து. எல்லோரும் தேநீருக்கு எழுந்தார்கள்.

"அது முன்னுரை" என்றாள் தாரகா நவீன்ராஜிடம், நின்றபடியே.

"என்கிட்ட ஏன் சொல்ற? அவர்கிட்ட போய்ச் சொல்லு."

"சொல்லத்தான் போறன். எப்பிடித் தொடங்கிறதெண்டு பாக்கிறன்."

அடுத்த மாதம் தாரகா மெல்பேர்ன் போகிறாள். கட்டுரை வாசிப்பது நவீன்ராஜ், நன்றியுரை அவள். இதைப் பற்றி அவள் பேஸ்புக்கில் ஒரு வரியும் எழுதவில்லை. மென்பொருளின் கணக்குப்படி அவள் பரம திருப்தியாக இருக்கிறாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இரண்டாம் பந்தியை வாசிக்கும்போதே உங்களுக்கு ஓர் ஆட்சேபணை தோன்றியிருக்கும், ஆசிரியருக்கு எழுதிப் போடலாம் என்றும் நினைத்திருப்பீர்கள். 'மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' வரை மனதுக்குள் எழுதியாகிவிட்டதா? 'மதிப்புக்குரிய'வா, 'அன்புள்ள'வா என்று யோசிக்கிறீர்களா?

யோசியுங்கள். சுவரோரத்தில், தாரகாவுக்குப் பக்கத்துக் கதிரை ஒன்று காலியாகத்தான் இருக்கிறது.