முக்காடு மேஸ்திரியும் அமெரிக்கப் பனிப்புயலும்

உலகத்தில் எதையெல்லாம் மூட முடியுமோ அதையெல்லாம் மூடிவிட்டு, அந்த அளவுக்குத் தார்ப்பாய் கிடைக்காத ஒரே காரணத்தால் வானத்தை மட்டும் திறந்து விட்டுவைத்திருக்கும் மனிதர் ஒருவர் மரக்காணத்தில் இருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஊருக்கு அவர் முக்காடு மேஸ்திரி.

அங்கே ஓர் உப்பளத்தில் நான் ஐந்து வருஷம் ஆபீஸ் பார்த்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பாத்திகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, ஒரு ஃபேன். கம்ப்யூட்டர் ஓடினால் ஃபேன் சுற்றாது. ஃபேன் சுற்றினால் கம்ப்யூட்டர் ஓடாது. நான் பெரும்பாலும் ஃபேன் கட்சி.

மேஸ்திரியின் வேலை, உப்பை மழையிடமிருந்து காப்பாற்றுவது. வாரிய உப்பைக் கரையில் குவித்து வைத்திருப்போம். ஒரு பெருமழை அடித்தால் போதும், முப்பது பேர் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து எடுத்ததெல்லாம் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும். மழைக்கு முன்னால் கீற்று போட்டு மூட வேண்டும். மழை வருமா வராதா என்பதை மேஸ்திரி மூக்கால் தீர்மானிப்பார். வரப்பில் நின்று முகத்தைத் தூக்கி இரண்டு தரம் மோந்து பார்ப்பார். மூன்றாவது தரம், "ஏம்பா, மூடுங்க!" என்று ஒரு சத்தம். 'இன்று மழைக்கு வாய்ப்பில்லை' என்று என் செல்போனில் போட்டிருப்பதை நான் வாசித்து முடிப்பதற்குள் அந்த செல்போன் மேலேயே முதல் சொட்டு விழும்.

எப்போதாவது தப்பும். ஒரு சித்திரையில் நல்ல வெயிலில் எல்லாக் குவியலையும் மூடவைத்துவிட்டார். மழை வரவில்லை. முதலாளி காரிலிருந்து இறங்கி, "என்ன மேஸ்திரி, ஒரு தூறல்கூட காணோம்?" என்றார்.

"மூடினோம், அதான் வரல. மூடாம இருந்து பாருங்க."

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேலையோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணம். திறந்தவெளியில் பந்தி. சாம்பார் பரிமாறும் நேரத்தில் மேஸ்திரி மூக்கைத் தூக்கினார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் சோற்று அண்டாவுக்கு ஜமுக்காளம், போட்டோகிராபர் கேமராவுக்கு வாழை இலை, மாப்பிள்ளையின் சித்தப்பா ஓட்டி வந்த புது பைக்குக்கு மணமேடைப் பின்திரை. சித்தப்பா சண்டைக்கு வந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் நனையாமல் தப்பியது அந்த பைக் ஒன்றுதான். மணமக்கள் உட்பட மற்ற எல்லாரும் தொப்பலாக நனைந்தோம்.

வீட்டில் டிவிக்கு உறை, உறைக்கு ஓர் உறை. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் பை. கேஸ் சிலிண்டருக்குப் பூப்போட்ட பாவாடை. "கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் கீத்து போட்டு மூடிடுவாரு" என்பார் அவர் மனைவி அஞ்சலை அக்கா.

இவ்வளவு முன்ஜாக்கிரதைக்காரருக்குச் சொந்த வீட்டில் அடித்த காற்று மட்டும் தெரியாமல் போனது.

அவருடைய ஒரே மகள் ரேவதி எங்கள் ஆபீஸில்தான் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். அதை ரிப்பேர் பண்ண ஒரு பையன் வருவான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். கம்ப்யூட்டர் வாரத்துக்கு மூன்று முறை கெட ஆரம்பித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தபோது நான் ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று ரேவதி பயந்தாள். நானும் அவளோடு சேர்ந்து பயந்தேன். அளத்து ஆட்களுக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், அவள் வழக்கமாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். மேஸ்திரிக்கு, லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர், "கல்யாணச் சாப்பாடு எப்ப மேஸ்திரி?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அதோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார். என்னிடமும்தான். ஆனால் வேலை நடக்க வேண்டுமே. ஆபீஸுக்கு வருவார், எனக்கு முதுகைக் காட்டி பீரோவைப் பார்த்து நிற்பார். "லாரி வந்துருச்சுன்னு சொல்லணும்" என்பார் பீரோவிடம். நான், "சரி, வரேன்னு சொல்லு" என்பேன், அதே பீரோவிடம். ஒருநாள் அதனிடம் தாழ்ந்த குரலில் வேறொன்றும் சொன்னார். "பையன் நல்ல பையன்தான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே முன்ன நின்னு பந்தல் போட்டிருப்பேன். ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல."

என் வாழ்க்கையில் ஒரு பீரோ முன்னால் நான் வெட்கப்பட்டு நின்றது அன்றைக்குத்தான்.

பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் போனார்கள். பெண் குழந்தை பிறந்தது. அஞ்சலை அக்கா, "கோழிக்குத் தீனி போட்டுட்டு வர்றேன்" என்று தினமும் கொல்லைப்பக்கம் போய் முக்கால் மணி நேரம் போன் பேசுவார். அவர்கள் வீட்டில் கோழியே கிடையாது. மேஸ்திரியும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ரேவதி எனக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே அவளுக்கு ஞாயிறு இரவு.

"அண்ணா, இங்க பனிப்புயல் வருதாம்."

"உங்க ஊர்லயா? நம்ம மரக்காணம் மாதிரியே வெயிலு, வேர்வைன்னு சொன்னியே?"

"அதே ஊருதாண்ணா. இங்கயே பொறந்து வளந்த கிழவங்ககூட பனிய கண்ணால பாத்ததில்லையாம். நாளன்னிக்கு விடிகாலைல வந்துரும்னு டிவில கத்துறாங்க. கடைல பிரெட் இல்ல, தண்ணி பாட்டில் இல்ல. கரண்டு போனா ஹீட்டரும் போயிரும். அவரு வெளியூர் போயிருக்காரு, பிளைட்டெல்லாம் கேன்சல். நானும் பாப்பாவும் மட்டும்தான். பயமா இருக்குதுண்ணா."

பாப்பாவுக்கு அப்போது நாலு மாதம். கொட்டகை வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மெதுவாக உள்ளே வந்து பீரோவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"காத்து எந்தப் பக்கம்னு கேக்கணும்."

நான் போனில், "ரேவதி, காத்து எந்தப்…"

"கேட்டுச்சுண்ணா. வடக்கேர்ந்துன்னு சொல்லுங்க."

ஸ்பீக்கர் போட்டிருந்தது. மூன்று பேரும் பேசுவது மூன்று பேருக்கும் கேட்டது. ஆனாலும் கேள்வி பீரோ வழியாக என்னிடம் வந்து, என் வழியாக அமெரிக்கா போய், பதில் அதே வழியில் திரும்பியது.

"வெளிய இருக்கிற குழாய எதால மூடப்போறாங்களாம்?"

"பிளாஸ்டிக் கவர்னு சொல்லுங்கண்ணா."

"பிளாஸ்டிக்கா!" மேஸ்திரி சட்டென்று போன் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு நினைவு வந்து, மறுபடி பீரோவிடம் போனார். "வெறும் பிளாஸ்டிக் போட்டா உள்ள வேர்க்கும். உப்புக்கே ஆகாது. மொதல்ல துணி, நல்லா கனமா, மூணு சுத்து. அதுக்கு மேலதான் கவர். செடிக்கும் துணிதான். உள்குழாய சொட்டு சொட்டா திறந்து விட்டுறணும். ஓடுற தண்ணி சீக்கிரம் உறையாது."

பனியைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் வாயைப் பிளந்தேன். ரேவதி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

அதோடு விடவில்லை அவர். மீன் இறங்குகிற இடத்துக்குப் போய், ஐஸ் பெட்டி வைத்திருப்பவரிடம் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினார். இரண்டு சோடா பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, ஒன்றைக் கோணியால் சுற்றி, ஒன்றை வெறுமனே விட்டு, இரண்டையும் நொறுக்கிய ஐஸுக்குள் புதைத்தார். குளிர் பற்றாது என்று அளத்து உப்பையும் அள்ளிக் கொட்டினார். நேரம் போகப் போக வெறும் பாட்டில் 'டப்' என்று வெடித்தது. சுற்றிய பாட்டில் உறையாமல் இருந்தது. அந்த ஈரக் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரே வஞ்சிரம் மணக்க மணக்க ஆபீஸுக்கு வந்து, பாட்டிலை பீரோவிடம் காட்டினார்.

இதில் நடந்த கோளாறு என்னவென்றால், மேஸ்திரி பனிப்புயலுக்கு ஏற்பாடு செய்கிறார் என்ற சேதி மட்டும் ஊருக்குள் போனது. எந்த ஊர்ப் பனிப்புயல் என்ற சேதி போகவில்லை. அவர் மூக்கு மேல் ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர் பால் பாக்கெட்டை இரண்டு மடங்கு வாங்கிவிட்டார். புது உப்புக்காகப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, பழைய குவியல்கள் மேல் இன்னொரு அடுக்குக் கீற்றைப் போட்டார்கள். ஒருவர் தன் மூன்று ஆடுகளுக்கும் சட்டை மாட்டிவிட்டார். அதில் ஒன்று கட்சி சட்டை.

"மேஸ்திரி, நம்மூர்லயா பனி கொட்டப்போவுது?" என்று கேட்டவர்களுக்கு அவர் பதிலே சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் மகளைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் பதில் ஊர் பனிக்குப் பயந்து நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். சிரிப்பாக இருந்தாலும், பிடிவாதம் ஒரு மனிதனை இவ்வளவு தனியாக நிறுத்துமா என்று எனக்கு அன்றைக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, அங்கே திங்கள் இரவு, ரேவதி போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். குழாய்க்கு மூன்று சுற்றுப் போர்வை. எலுமிச்சைச் செடிக்கு அவளுடைய பழைய சுடிதார்.

"பக்கத்து வீட்டு அம்மா காலைல சிரிச்சாங்கண்ணா. இப்ப அவங்களும் வந்து கேட்டுட்டு, அதே மாதிரி சுத்துறாங்க."

"தெற்குப் பக்கம் முடிச்சு போட்டிருக்குதான்னு கேக்கணும். காத்து வடக்கேர்ந்து வருதே" என்றார் மேஸ்திரி பீரோவிடம். முகத்தை அவர் எங்களுக்குக் காட்டவில்லை. ஆனால் அந்த முதுகில் ஒரு பெருமை தெரிந்தது.

அன்று சாயங்காலம் நாலரை மணி. அங்கே விடிவதற்கு முன்பு. ரேவதி கூப்பிட்டாள்.

"ஆரம்பிச்சிருச்சுண்ணா."

ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சாலை இல்லை, புல் இல்லை, எல்லாம் வெள்ளை. மேஸ்திரி பீரோவை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத எவன் வார்றது?" என்றார்.

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் ரேவதி பயத்துக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அங்கே விளக்கு அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. இருட்டில் குழந்தை அழும் சத்தம்.

"கரண்டு போயிருச்சுண்ணா. போன்லயும் சார்ஜ் கொஞ்சந்தான் இருக்குது. நான் வச்சிடறேன். எப்ப பேச முடியும்னு தெரியல. அப்பாகிட்ட சொல்லுங்க…"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போன் என் கையில் இல்லை.

"ரேவதி" என்றார் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு அப்புறம், நேராக.

அந்தப் பக்கம் விசும்பல். அழுகிறாள் என்று தெரிந்தது.

"பாப்பாவ நெஞ்சோட அணைச்சிக்க. உன் சூடு போதும் அதுக்கு. பயப்படாத, காத்து மதியத்துக்குள்ள திரும்பிரும்." பிறகு கேட்டார். "பாப்பாவுக்கு என்னம்மா பேரு?"

"அம்மா சொல்லலையாப்பா?"

"உங்கம்மா சொன்னா. டீக்கடைல சொன்னாங்க. சாட்சி போட்டாரே, இந்த சாரும் பீரோகிட்ட சொன்னாரு. நீ சொல்லு."

"யாழினிப்பா."

"யாழினி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரும்மா. இப்பதான் கேக்குறேன்."

அதோடு லைன் போய்விட்டது.

காற்று திரும்பி, கரண்ட் வந்து, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள் என்று மறுநாள் காலை சேதி வந்தது. அந்தத் தெருவில் குழாய் வெடிக்காத இரண்டு வீடுகளில் ஒன்று ரேவதியுடையது, மற்றது பக்கத்து வீட்டு அம்மாவுடையது. ஆனால் அது மறுநாள் கதை. அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி வரப்பில் போய் உட்கார்ந்து, லைன் அறுந்த போனைக் காதிலேயே வைத்திருந்தார். என் போன்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.