மச்சானை எழுப்பிய கதை

கலியாணத்துக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போய்த் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்த கதிரை முறிந்து விழுந்தவர்களும் இருக்கிறார்கள். நான் பெண்ணின் தம்பியைக் கொன்றேன். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவனுடைய தாய் பார்த்துக்கொண்டிருக்க.

எண்பதுகள் தொடங்கிய காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கப்பல்களுக்கு மரக்கறி ஏற்றும் கிண்ணியா அசீஸ் என் கூட்டாளி. கப்பல்காரன் ஒருவன் அவனிடம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரு பை தாயக்கட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நாலு முகக் கட்டை, எட்டு முகக் கட்டை, இருபது முகக் கட்டை. (இருபது முகத்தில் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிற்று.) விளையாட்டுக்குப் பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்து பூதங்களோடு சண்டை பிடிக்கவேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும்.

அகராதி வைத்திருந்தவன் நான் என்பதால் கதை சொல்லும் பதவி எனக்கு வந்தது. புத்தகத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாதியைத்தான் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன்.

நான், அசீஸ், யோசப், கணேசன் என்று கூட்டாளிகள் நாலு பேர். உவர்மலையில் கணேசன் வீட்டில் விளையாடினோம். அங்கேதான் விளையாடவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் உண்டு. கணேசனின் அக்கா யோகத்துக்கும் எனக்கும் சாதகம் பொருந்தி, கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அடிக்கடி போனால் அவளை ஒருமுறையாவது பார்க்கலாம் என்பது என் திட்டம். கண்டதெல்லாம் சமையல் நடக்கும் குசினியின் வாசல் திரையும் அதற்குக் கீழே இரண்டு பாதங்களும்தான். அந்தப் பாதங்களே எனக்குப் போதுமாக இருந்தன.

புத்தகத்தில் வீரர்களின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அவரவர் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய மடத்தனம் அது. குகைக்குள் முதல் ஆளாகப் பாய்ந்த கணேசன் மேல் பூதம் விழுந்தது. கட்டை உருண்டது. கந்தோரில் அறிவித்தல் வாசிக்கும் குரலில் சொன்னேன்:

"கணேசன் செத்துப்போனான்."

தட்டோடு தேநீர் கொண்டுவந்த தாயார் நடுவீட்டில் நின்றுவிட்டார். இது விளையாட்டு என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் விளக்கினோம். அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

"விளையாட்டெண்டு எனக்கும் விளங்குது தம்பி. ஆனா வெள்ளிக்கிழமையும் அதுவுமா, என்ர வீட்டுக்குள்ள, என்ர ஒரே ஆம்பிளைப் பிள்ளைக்குச் சாவு சொல்லிப்போட்டீங்கள். சாவு சொன்ன வீட்டில நல்ல காரியம் கதைக்க ஏலாது. அவனை எழுப்பிப்போட்டுப் போங்கோ."

நல்ல காரியம் என்பது என் கலியாணம். அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன்.

இறந்தவனை எழுப்புவது எப்படி? உயர்ந்த பூசாரி ஒருவர் வேண்டும் என்றது புத்தகம். எங்களிடம் பூசாரி இல்லை. மறுமை நாளுக்கு முன்னால் யாரையும் எழுப்புவது நம் கையில் இல்லை என்றான் அசீஸ். மூன்றாம் நாள் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றான் யோசப், அவன் மாதா கோயிலில் பாடுகிறவன். என் வளர்ப்பின்படி கணேசன் வேறெங்காவது குழந்தையாகப் பிறக்கவேண்டும். அப்படியானால் அவன் வளர்ந்து வாள் பிடிக்கும்வரை நாங்கள் குகை வாசலில் காத்திருக்கவேண்டும். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் கணேசன் வாய் திறக்கவில்லை. செத்தவன் கதைக்கக்கூடாது என்று ஆட்டம் தொடங்கும்போது நான்தான் படிப்பித்திருந்தேன். தாயார் நீட்டிய தேநீரையும் அவன் தொடவில்லை. அதைக் கண்டு அவர் கண் கலங்கியபோது, செத்தவன் நானாக இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

கடைசியில் பூசாரியை நான் கதைக்குள் கொண்டுவந்தேன். அவர் மந்திரம் சொன்னாலும் இருபது முகக் கட்டை பத்துக்கு மேல் விழுந்தால்தான் உயிர். உருட்டினேன். நாலு விழுந்தது.

"திருப்பிப் போடுங்கோ" என்றார் தாயார்.

"சட்டத்தில இடமில்லை அம்மா" என்றேன். (ஓம், உண்மையாகவே சொன்னேன்.)

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யோகம் பேசி நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை.

"அம்மா, அவர் கலியாணம் கட்டப்போறது என்னையோ, அந்தப் புத்தகத்தையோ எண்டு கேளுங்கோ."

புத்தகத்தை மூடினேன். திரும்ப உருட்டினேன். போட்ட வேகத்தில் கட்டை துள்ளி அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. எல்லோரும் குனிவதற்கு முன்னால் செத்தவனே தரையில் படுத்து எட்டிப் பார்த்தான்.

"பதினெட்டு. நான் உயிரோட இருக்கிறன்."

செத்தவனின் சாட்சி செல்லுமா என்று அசீஸ் இழுத்தான். யோசப் அவன் காலை மிதித்தான். கணேசன் எழுந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தான். தாயார் அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, என் நெற்றியிலும் பூசினார். எனக்குப் போன உயிர் அப்போதுதான் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சட்டம் சட்டம்தானே. புத்தகத்தைத் திரும்பத் திறந்து, எழும்பி வந்தவனுக்கு உடற்பலம் குறைந்துவிடும் என்ற வரியையும் வாசித்துக் காட்டினேன்.

கலியாணத்தன்று மணவறைக்கு முன்னால் என் காலைக் கழுவ வேண்டிய மாப்பிள்ளைத் தோழன், பெண்ணின் தம்பி என்ற முறையில், கணேசன்தான். செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாரமாக இருக்கிறது என்று சபையறியச் சொன்னான். செம்பின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறுபக்கத்தை அவன் பிடிக்க, என் காலை நானே பாதி கழுவிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை அவன் எங்கள் வீட்டில் ஒரு பாரமும் தூக்கியதில்லை. போன மாதம் அலுமாரியை அறை மாற்ற உதவிக்குக் கூப்பிட்டேன். வந்து கதிரையில் இருந்துகொண்டு, "அத்தான், நான் ஒருக்காச் செத்தனான்" என்றான்.

நான் யோகத்தைப் பார்த்தேன்.

"தூக்குங்கோ" என்றாள். "சட்டத்தில இருக்கெல்லோ."

தூக்கினேன்.