அடுத்த வருசம் அண்ணனும் அட்டைப்பெட்டி டிவியும்

மதுரையில் பிறந்து, மதுரையில் படித்து, மதுரையிலேயே கல்யாணமும் கட்டிக்கொண்டு, மதுரையில் ஒருநாள்கூட குடியிருக்காத ஒரே மனிதர் எங்கள் 'அடுத்த வருசம்' அண்ணன்தான்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவருக்கு. வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிற குடும்பம். முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர்கள். "அடுத்த வருசம் மொத்தமா ஊருக்குப் போயிருவேன் மாப்ள" என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்கு டீ இறங்காது.

அலுவலகமே போட்டி போட்டு பிளாட் வாங்கியபோது அவர் மட்டும் அசையவில்லை.

"வந்த எடத்துல எவனாவது எடம் வாங்குவானா?"

"வந்து எம்புட்டு நாளாச்சுண்ணே?"

"ஒரு நானூறு வருசம் இருக்கும்."

வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். புது டிவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பிளேடால் வெட்டிவிட்டுப் பார்த்தார். காலி பண்ணும்போது பேக்கிங் வேலை மிச்சமாம்.

கடைசியில் ஒரு சித்திரையில் பதினைந்து நாள் லீவு போட்டே விட்டார். அங்கே வீடு பார்த்துப் பேசிவிட்டு வந்து குடும்பத்தைக் கூட்டிப்போவதாகத் திட்டம். அவர் மனைவி, "அழகர் ஆத்துல எறங்குற நேரத்துலயா?" என்று கேட்டார்.

"அவரு எங்க போயிறப் போறாரு? வருசா வருசம் வாரவருதானே?"

ரயில்வே ஸ்டேஷனில் ஊதாச் சால்வை போர்த்தி, கேலியும் கிண்டலுமாக வழியனுப்பினோம். மறுநாள் அந்தக் காலி நாற்காலிக்கும் சேர்த்து, பழக்கத்தில் ரெண்டு டீ சொல்லிவிட்டேன். மனுசன் நிஜமாகவே போய்விடுவாரோ?

அவர் ரயிலேறிய ஒன்பதாம் நாள் விடியற்காலை. வைகைக்குள் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்க ஊரே எக்கிக்கொண்டிருந்தது; பச்சை என்றால் அந்த வருசம் செழிப்பு என்பது நம்பிக்கை. எனக்கு முன்னால் குள்ளமாக ஒருவர், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "என்ன கலரு? என்ன கலரு?" என்று தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

முக்காடு, நாங்கள் போர்த்திய ஊதாச் சால்வை.

"அண்ணே!"

காது கேட்காத மாதிரி நின்றார். சால்வை நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"மாப்ள, ஆபீஸ்ல சொல்லிராத."

"அங்க யாரும் மதிக்கலையாண்ணே?"

"சேச்சே, தங்கமான சனம். தலைவாழை எல போடாத குறையா விருந்து வச்சாங்க. நம்ம பாசையத்தான் தப்புத் தப்பாப் பேசுறாங்க. ரெண்டு நாள் திருத்திப் பாத்தேன், முடியல."

"அப்புறம் ஏன் ஓடி வந்தீங்க?"

முக்காட்டை எடுத்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இந்த வருசம் அழகருக்கு என்ன பட்டா இருக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். அழகரா, அது யாருன்னுட்டாரு மாப்ள. அன்னைக்கு ராவு சோறே எறங்கல."

"போன் போட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

"போன்ல கேக்குற விசயமாடா அது?"

அதற்குள் கூட்டம் "பச்சை! பச்சை!" என்று அலறியது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன் என்பதை அவரிடம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றுத் தண்ணி என்று சாதித்துவிட்டேன்.

மீதி லீவு முழுக்க வீட்டுக்குள் ஒளிந்திருந்துவிட்டு, பதினாறாம் நாள் மிடுக்காக அலுவலகம் வந்தார். "அருமையான ஊரு. அடுத்த வருசம் மொத்தமாப் போயிருவேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். டிவி சுவரில் தொங்கியது. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்றாம். திரும்புகிற வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்ன விசேஷம் என்று என் மனைவி கேட்டாள்.

"நம்ம அண்ணன் ஊருக்கு வந்துட்டாரு" என்றேன்.