அறுபத்தேழு மார்க் வாங்கிய பெட்டி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகளின் வணக்கம். போன் இருக்கும்போது கடிதம் எழுதி உங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். மாடி வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு "ம்", "சரிங்கத்தை" தவிர வேறு வார்த்தை வராது. தவிர, இது அப்பாவுக்குத் தெரியாமல் எழுத வேண்டிய விஷயம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவதை இப்போதாவது நிறுத்தினாரா? கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். எடுத்தவுடன் கேட்டால் "ஏன், எதுக்கு, உங்கப்பன் என்ன பண்ணான்" என்பீர்கள். அதனால் உங்கள் தம்பி என்ன பண்ணினார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று போன முறை கேட்டீர்கள். "கம்ப்யூட்டர்" என்றேன், நீங்களும் "நல்லது" என்று விட்டுவிட்டீர்கள். எங்கள் கம்பெனி செய்வது மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் இல்லை. மாவு பறக்கிற மில், நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிற கிரேன், தரையையும் சுவரையும் தினமும் கழுவிவிடுகிற தொழிற்சாலை, இப்படிப்பட்ட இடங்களில் மாட்டுகிற முரட்டுப் பெட்டி. உள்ளே விசிறி கிடையாது. காற்று போகிற வழியில் தூசியும் போய்விடும். முதுகில் வரிவரியாக உலோகத் தகடு, சூடு அதன் வழியே வெளியேறும். முன்னால் கையுறை போட்டபடியே தொடக்கூடிய திரை. அடியில் வட்டமான இணைப்புகள். ஒயரைச் செருகி ஒரு வளையத்தைத் திருகி இறுக்கிவிட்டால் எந்த ஆட்டத்துக்கும் கழன்று வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் பாதுகாப்பு எண் ஒன்று உண்டு, இரண்டு இலக்கம். முதல் இலக்கம் தூசிக்கு. ஆறுதான் அதில் உச்சம், ஒரு துகள்கூட உள்ளே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. ஐந்து என்றால் குழாயில் பீய்ச்சினால் தாங்கும். ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் கொஞ்ச நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். ஒன்பது என்றால் பக்கத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க முழு வேகத்தில் அடித்தாலும் தாங்கும். ஆனால் ஏழு பெற்ற பெட்டி ஐந்தையும் தாங்கிவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மூழ்குவது வேறு, அடி வாங்குவது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் எழுதுவோம்.

நான் செய்கிற பெட்டிக்கு ஆறும் ஏழும், அறுபத்தேழு. இதை ஒரு நாள் வீட்டில் சாப்பிடும்போது விளக்கினேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. நம் வீட்டில் எண் என்றால் மார்க்தான். நான் படித்த காலம் முழுக்க அப்பாவுக்குப் பாடத்தின் பெயர் தெரியாது, எண் மட்டும் மனப்பாடம்.

"அறுபத்தேழா?" அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "ஏம் பாப்பா, நீ செய்யற பெட்டி அறுபத்தேழுதான் வாங்குதா? நீ தொண்ணூறுக்குக் கீழ இறங்குனதே இல்லையே."

"அது மார்க் இல்லப்பா. தனித்தனி ரெண்டு இலக்கம்."

"பேப்பர் கஷ்டமா இருந்திருக்கும்," என்றாள் அம்மா. "கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வந்தது எவ்வளவு?"

"அறுபத்தொம்பது. ஆனா அம்மா..."

"ரெண்டு மார்க்தானே கம்மி! இதுக்குப் போயா புள்ளைய அழ வைக்கறீங்க?"

நான் அழவே இல்லை அத்தை. ஆனாலும் அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்து, "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தேன்.

இதற்கிடையில் ஆபீசில் ஒன்று நடந்தது. என்னை இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. சோதனை அறையில் என் வேலை சுத்தம் என்பது மேனேஜருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்காத பெண்ணை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தலாமா, ஒயருக்கு லேபிள் ஒட்டுகிற மேஜையிலேயே விட்டுவிடலாமா என்பது அவருக்குப் பெரிய குழப்பம். ஒரு பால் தொழிற்சாலைக்கு எங்கள் பெட்டியைக் காட்டப் போகவேண்டிய சீனியருக்குப் பல் பிடுங்கியதில் கன்னம் வீங்கி, அவராலும் வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. எங்கள் இரண்டு பேரில் என் வாயில்தான் பஞ்சு இல்லை என்பதால் என்னை அனுப்ப முடிவானது. "இந்த ஆர்டர் வந்தா அந்தத் தொழிற்சாலைக்கு நீதான் பொறுப்பு. வரலைன்னா லேபிள்," என்றார் மேனேஜர். எனக்குப் பயமில்லை அத்தை. பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதை வெளியே சொல்லிப் பழக்கம்தான் இல்லை. தொழிற்சாலை நம் வீட்டுப் பக்கம் என்பதால் காலையில் நேராகப் போய்விடலாம் என்று மாதிரிப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை அலமாரிமேல் வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். வெளியே கைதட்டல் கேட்டது. முதலில் எனக்குத்தான் என்று நினைத்தேன், அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்தேன். அப்பாவின் வாட்டர் சர்வீஸுக்கு ஓடினால், லாரி ஏற்றிக் கழுவுகிற மேடையைச் சுற்றி டிரைவர்கள் கூட்டம். நடுவில் அப்பா, தண்ணீர் டிரம்மிலிருந்து என் பெட்டியைக் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? முங்கி எந்திரிச்சு வருது. எம் பொண்ணு செஞ்சது. அறுபத்தேழு மார்க்!"

"அறுபத்தேழுதானாண்ணே?" என்றார் ஒரு டேங்கர் டிரைவர். "எங்க பக்கத்து வீட்டுப் பையனே எழுபது வாங்கிட்டான்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஃபர்ஸ்டுக்கு ரெண்டு மார்க்தான்யா குறையுது. அதை நான் போட்டுக்கறேன்," என்று பெட்டியை மேடையில் நிறுத்தி, லாரி சக்கரத்துச் சேற்றைப் பெயர்க்கிற பம்பை முழு வேகத்தில் திறந்துவிட்டார். நான் கத்திய "அப்பா!" பம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அது பம்பு இல்லாதபோதும் கேட்காத குரல்தான்.

அந்த அறுபத்தேழும் சும்மா வருவதில்லை அத்தை. ஒயர் மாட்டாத இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி உண்டு. அது திருகி இறுக்கியிருந்தால்தான் எண் செல்லும். மூடிகளைப் பளபளவென்று துடைத்து என் கைப்பையில் வைத்திருந்தேன். ஆக, கதவையெல்லாம் திறந்துபோட்ட வீட்டை அப்பா டிரம்மில் முக்கி எடுத்து, வாசல் பார்த்துத் தண்ணீரும் அடித்திருக்கிறார். "மூடியா? நீ சொல்லவே இல்லையே பாப்பா," என்றார். நியாயம்தான். ஆனால் எடுத்துப்போவதாக அவரும் சொல்லவில்லை.

பெட்டி உயிர் பெறவில்லை. அரிசி டப்பாவுக்குள் வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும், சித்தி தன் போனுக்கு அப்படித்தான் செய்தாள் என்று அம்மா டப்பாவைக் கொண்டுவந்தாள். டப்பாவைவிடப் பெட்டி பெரிது. "பாதி பாதியா வைக்கலாமே," என்றாள். நான் திருகுகளைக் கழற்றித் திறந்து, துடைத்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். அப்பா பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார், ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி. சாயங்காலம் திரை எரிந்தது, தொட்டால் வேலையும் செய்தது. மற்ற இயந்திரங்களோடு பேசுகிற நெட்வொர்க் இணைப்பு மட்டும் போயேபோய்விட்டது.

மேனேஜருக்கு போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். "கேன்சல் பண்ணிடலாமா?" என்றார்.

"வேண்டாம் சார். இதையே எடுத்துட்டுப் போறேன். இதை வச்சுத்தான் நல்லா விளங்க வைக்க முடியும்."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியில் சரி என்றுவிட்டார்.

பால் தொழிற்சாலையில் தலைக்குத் தொப்பி, காலுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டி உள்ளே விட்டார்கள். தரையெல்லாம் ஈரம். ஆலை மேலாளர், போர்மேன், கழுவுகிற ஆட்கள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். கண்ணாடி முன்னால் பழகியதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "இந்தப் பெட்டியை எங்கப்பா நேத்து லாரி கழுவற பம்பால கழுவிட்டார்," என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபிறகு எனக்கு எல்லாம் வந்துவிட்டது. மூடிகளைக் கையில் எடுத்துக் காட்டினேன். "ஷிஃப்ட் முடியற அவசரத்துல இதை யார் சார் தேடிப் போடுவாங்க? உங்களுக்கு இந்தப் பெட்டி வேண்டாம். அறுபத்தொன்பது வேணும். மாட்டற ஒயர் மட்டும் நிரந்தரமா திருகி இருக்கணும். உபரியா ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது," என்றேன். விற்க வந்தவளே வேண்டாம் என்கிறாளே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

போர்மேன் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி மேடம். முன்பக்கம் ஒரே ஒரு யூஎஸ்பி மட்டும் வச்சுக் குடுத்துடுங்க. ரிப்போர்ட் எடுக்க."

"போன் சார்ஜ் போடன்னு சொல்லுய்யா, ஏன் வெக்கப்படற," என்றார் மேலாளர்.

"ரிப்போர்ட் ஒயர் வழியாவே ஆபீசுக்கு வந்துடும் சார். உங்க போனுக்காக இந்தப் பெட்டியில ஓட்டை போட முடியாது."

சொல்லிவிட்டேன் அத்தை, அவ்வளவு பேர் முன்னால். போர்மேன் முகம் சுருங்கிவிட்டது. மேலாளர் மட்டும் தலையாட்டி, "வர்ற வியாழக்கிழமை அறுபத்தொன்பதைக் கொண்டாங்க. இங்கேயே கழுவிப் பாப்போம். தாங்கிச்சுன்னா எல்லா லைனுக்கும் உங்களதுதான்," என்றார்.

தாங்கும். அந்தப் பெட்டியை நானே சூடான நீரில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சோதித்திருக்கிறேன். எனக்குப் பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை. அப்பாவைப் பற்றித்தான். வியாழக்கிழமை தானும் வருவதாக முடிவு செய்துவிட்டார். சட்டை தேய்த்தாகிவிட்டது, பம்புக்குப் புது முனை வாங்கியாகிவிட்டது. "நான் கெடுத்ததை நானே வந்து சரி பண்ணணும் பாப்பா," என்கிறார். வந்தால் அங்கேயும் யாரிடமாவது மார்க் பேசுவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் போன் வந்தால் அப்பா எழுந்து நின்று பேசுவார். அவரை வரச்சொல்லவும் போகச்சொல்லவும் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதனால் வியாழக்கிழமை காலையில் உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அவரை வரச்சொல்லிக் கூப்பிடுங்கள். சாயங்காலம்வரை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி அழுக்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். மாடி வீட்டுக் குழந்தைகளுக்கு என் அன்பு. நீங்கள் மாத்திரை போட்டுவிட்டு நடக்க வேண்டும், நடந்துவிட்டு மாத்திரை இல்லை.

உங்கள் சொல்லைத் தட்டாத தம்பியின், அதே மாதிரித் தட்டாத,
மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே கேட்டதை அடித்துவிடுங்கள். தயவுசெய்து அப்பாவைக் கூப்பிட வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் மேனேஜர் போன் செய்தார். பால் தொழிற்சாலையில் போர்மேன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம். கம்பெனி ஆள் கழுவினால் மெதுவாகக் கழுவுவார், தங்கள் ஆளும் புதுப்பெட்டி என்று பார்த்துக் கழுவுவார். முதல் பெட்டியைக் கெடுத்த அந்த அப்பாவே வந்து கழுவட்டும், அவராலேயே கெடாவிட்டால் வேறு யாராலும் கெடாது என்றாராம். மேனேஜரும் சம்மதித்துவிட்டார். ஆக, அப்பா வராவிட்டால் சோதனையே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அப்பா இரண்டு முறை முகம் கழுவிக்கொண்டார். அங்கே என்னை எல்லோரும் மேடம் என்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, தானும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் எனக்கு மரியாதைக் குறைவு என்று கூடத்தில் நின்று அம்மாவை நானாக வைத்து ஒத்திகை பார்க்கிறார். "ஆரம்பிக்கலாங்களா மேடம்?" என்கிறார். அம்மா "ஆரம்பிங்க" என்கிறாள். பெட்டி எதை வேண்டுமானாலும் தாங்கிவிடும் அத்தை. வியாழக்கிழமை அத்தனை பேர் முன்னால் அப்பா என்னை "மேடம்" என்றால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அவரை நீங்கள் ஒருவர்தான் தடுக்க முடியும். ஸ்பீக்கரில் போட்டே சொல்லுங்கள், யார் கேட்டாலும் எனக்குக் கவலையில்லை: அங்கேயும் என்னைப் பாப்பா என்றே கூப்பிடச் சொல்லுங்கள்.