உடைய வேண்டிய பீம்

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் வரிசையாக மாடி வீடுகள் தெரியும். அதில் பாதி நான் கட்டியவை. சாரம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் மாடியில் ஆயிரம் பேர் ஒன்றாகக் குத்தாட்டம் போட்டாலும் கீழே தம்ளரில் தண்ணீர் அசையாது. அதுவும் நான்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின், அதாவது சிப்பாயின், பழைய வீட்டில் மாடிப்படி ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்திக் கொடுத்தேன். அவர் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். (இதை நான் வீட்டில் சொல்லவில்லை.) எங்கள் கோயிலில் மாதா சிலை நிற்கும் கெபியும் என் கைவேலைதான். புயல் வந்தது, தென்னை மரங்கள் சாய்ந்தன, கெபி நின்றது. (மாதாவின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிமெண்ட் கலவை என்னுடையது.)

இத்தனையும் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாண்டு சட்டி தூக்கப் போனவன் செய்தது. சித்தாள், கொத்தனார், மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்று நானே எனக்குப் படி கட்டி நானே ஏறினேன்.

ஆனால் பாருங்கள், என் குடும்பம் என்னை ஞாபகம் வைத்திருப்பது இந்தக் கட்டடங்களுக்காக அல்ல. ஒரு முழ நீளமுள்ள ஒரு கான்கிரீட் துண்டுக்காக.

என் மகள் செலின் பிளஸ் டூ முடித்தபோது தெருவே கம்ப்யூட்டர் படிக்கப் போய்க்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஏசி ரூம், சுழல் நாற்காலி, கையில் சிமெண்ட் படாத வேலை. விண்ணப்பம் போடும் அன்று, "நான் சிவில் எடுக்கறேம்ப்பா" என்றாள். என் மனைவி ரோசலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெயில்ல கருகி ஒருத்தரு கெடக்கறது பத்தாதா? நீ வேறயாடி?"

எனக்குள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: அந்தோணி மேஸ்திரியைப் பார்த்துத்தான் அவர் பெண் என்ஜினீயரிங்கில் சிவில் எடுத்திருக்கிறாள். (யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.)

கடைசி வருஷம் அவள் ஒரு ஆராய்ச்சி எடுத்துக்கொண்டாள். காலாப்பட்டுக் குப்பத்தில் மீனவர்கள் கிழிந்த நைலான் வலைகளைக் கரையில் குவித்துப் போட்டிருப்பார்கள். அதை வாங்கி வந்து, அலசி, துண்டு துண்டாக நறுக்கி, கான்கிரீட்டில் கலந்து, சின்ன பீம் செய்ய வேண்டும். கம்பியே கிடையாது. அதை இரண்டு முனையில் தாங்கி, மெஷினில் நடுவே அழுத்தி, எவ்வளவு பாரத்தில் எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்து அம்மா வருகிறார். வேலை சரியாக இருந்தால் செலினைத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு இடம்தான் இருக்கிறது.

"உடைக்கறதுக்காகவா செய்யற?" என்று கேட்டேன்.

"ஆமாம்ப்பா. உடையணும். உடைஞ்சாத்தான் ரிசல்ட்டு."

என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

கலவை போட்டது என் கொட்டகையில்தான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தோம். மூன்று அச்சுப்பெட்டிகள். மணலையும் ஜல்லியையும் தராசில் நிறுத்து, வலைத்துண்டுகளைத் தூவி, அவள் கலந்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பெட்டியிலும் பாதி வரை நிரப்பியிருந்தாள். அப்போது வீட்டிலிருந்து ரோசலியின் குரல்.

"வஞ்சிரக் கொழம்பு ஆறுது! அப்பனும் மவளும் வரப்போறீங்களா, நான் பூனைக்குப் போடட்டுமா?"

"நீ போய் சாப்டும்மா. மீதிய நான் ரொப்பறேன்" என்றேன்.

அவள் தயங்கினாள். "அப்படியே ரொப்பணும். நீயா எதுவும் செய்யக் கூடாது. சரியா?"

"முப்பது வருஷமா கான்கிரீட் போடறவன் கிட்டப் பேசறியா?"

அவள் போனாள். நான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். கம்பி இல்லாத பீம். என் ஆயுசில் அப்படி ஒன்றை நான் போட்டதில்லை. ஆடையில்லாத குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து வரும் அம்மா முன்னால் இது படக்கென்று இரண்டாகப் போனால் என் பெண்ணுக்கு எவ்வளவு அவமானம்! பக்கத்திலேயே கம்பித் துண்டுகள் கிடந்தன. நல்ல முறுக்குக் கம்பி. ஒரு பெட்டிக்கு இரண்டு வைத்தேன். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை விட மனசு வரவில்லை, மூன்றுக்கும் வைத்தேன். மேலே அவள் கலவையை நிரப்பி, கரணையால் வழித்து, கண்ணாடி மாதிரி செய்து வைத்தேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தவள், "சூப்பரா ஃபினிஷ் பண்ணியிருக்கப்பா" என்றாள். (மகளிடம் நான் வாங்கிய முதல் சர்டிபிகேட். அடுத்த சர்டிபிகேட் இன்னும் வரவில்லை.)

ஒரு மாதம் அந்த பீம்களை ஈரச் சாக்கில் சுற்றித் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். ரோசலிக்கு மலேரியா வந்தபோதுகூட நெற்றியில் அவ்வளவு தடவை ஈரத்துணி போட்டதில்லை என்று அவள் இன்றும் சொல்வாள்.

சோதனை நாளில் என்னை யாரும் கூப்பிடவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலேஜுக்கு நானே போனேன். பீம்களை வண்டியிலிருந்து இறக்கிய லேப் ஊழியர் கோதண்டம், "இன்னா மேஸ்திரி, அளவுக்கு மீறி கனக்குதே?" என்றார்.

"அந்தோணி வளத்தது. கனக்கத்தான் செய்யும்."

லேப் முழுக்கப் பிள்ளைகளும் வாத்தியார்களும். சென்னை அம்மா கண்ணாடி போட்டு, பருத்திப் புடவை கட்டி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செலின் போர்டில் ஒரு எண்ணை எழுதி, இந்தப் பாரத்தை ஒட்டி உடையும் என்று விளக்கினாள். விரிசலைக் குறிக்கக் கையில் மார்க்கர் பேனாவோடு நின்றாள். மெஷின் முனகியது. முள் ஏறியது. அவள் எழுதிய எண் வந்தது. பீமில் ஒரு மயிரிழை விரிசல் விட்டது. அவ்வளவுதான். முள் அந்த எண்ணைத் தாண்டியது. மேலே போனது. இன்னும் மேலே போனது. பீம் அப்படியே உட்கார்ந்திருந்தது, பந்தியில் இடம் பிடித்துவிட்ட மாமனார் மாதிரி.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சென்னை அம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை தட்டினேன்.

"எம் பொண்ணு செஞ்சது ஒடையுமா!"

நான் ஒருத்தன்தான் தட்டினேன். அந்தப் பெரிய கூடத்தில் என் கைத்தட்டல் எதிரொலித்துத் திரும்பி என்னிடமே வந்தது. செலின் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா... உள்ள இன்னா வெச்ச?"

நான் பதில் சொல்வதற்குள் சென்னை அம்மா கோதண்டத்திடம், "ஓரத்தை உடைங்க" என்றார். கோதண்டம் சம்மட்டி எடுத்தார். அடித்தார், அடித்தார், சட்டை நனைய அடித்தார். (இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் என் கான்கிரீட் உடையவில்லையே என்று ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம்.) கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளேயிருந்து கம்பி எட்டிப் பார்த்தது, ஒளிந்து விளையாடுகிற பிள்ளை அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

சென்னை அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கம்பி இல்லாத பீம்னு எழுதிக் குடுத்திருக்கே. உள்ள கம்பி வெச்சு, ரிசல்ட்டை ஏத்திக் காட்டலாம்னு நினைச்சியாம்மா?"

செலின் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மார்க்கர் மூடியைத் தேடி மூடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் பெண்ணைத் திருடி என்று நினைக்கிறார்கள்.

ஆயுள் முழுக்க நான் அதிகம் சொன்ன வார்த்தை 'நான்தான்'. வேறு யாரோ கட்டிய சுவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

"நாந்தாங்க வெச்சேன்!" என்று கத்தினேன். "மூணுலயும் நாந்தான். அது சாப்டப் போயிருந்திச்சி. கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"அந்தோணி மேஸ்திரி. இதோட அப்பா."

"உடைச்சுப் பார்க்கறதுக்குன்னே செஞ்சது. அதுல போய்க் கம்பி வெப்பீங்களா?"

"எங்க தொழில்ல ஒண்ணு ஒடைஞ்சா, அதுக்குக் கீழ ஒரு ஆளு நிப்பாம்மா" என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு வாத்தியார்களைப் பார்த்து, "இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. புதுசா செஞ்சு காட்டட்டும்" என்றார். செலினிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆனா அந்த இடத்தை நான் அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாதும்மா. இந்த வாரமே ஆள் எடுக்கணும்."

என் பைக்கில் திரும்பி வந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க அவள் கடல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஊருக்குள் நுழைந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சின்ன வயசுல உன்ன ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்குதா? நம்ம வீட்டு மாடி ஏம்ப்பா கீழ விழலன்னு."

"இல்லியே."

"நான் கட்டினேன், அதான் விழலன்னு சொன்ன."

"கரெக்டுதானே?"

"அந்தப் பதிலு பத்தலப்பா. அதான் சிவில் எடுத்தேன்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கண்ணில் தூசி. (அந்த ரோட்டில் எப்போதும் தூசிதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.)

மறுபடியும் பீம் போட்டாள். இந்தத் தடவை ரோசலி சோற்றைக் கொட்டகைக்கே கொண்டுவந்து ஊட்டினாள். என்னை வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என் கொட்டகைக்கு நானே வாட்ச்மேன். தண்ணீர் ஊற்றக்கூட அனுமதி கிடையாது. இரண்டாவது சோதனைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் செலின் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

முள் ஏறியது. அவள் எழுதிய எண்ணுக்கு அருகில் மொறுக்கென்று ஒரு சத்தம். பீம் நடுவில் வாய் பிளந்தது. எனக்கு என் விலா எலும்பு முறிந்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு துண்டும் கீழே விழவில்லை. வலை நூல்கள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள, துண்டுகள் மெல்ல மெல்லத் தொங்கின.

"பாத்தியாப்பா?" என்றாள், விரிசலைச் சுற்றிக் கோடு போட்டபடி. "ஒடையுது. ஆனா படக்குனு விழல. கீழ நிப்பான்னு சொன்னியே ஒரு ஆளு, அவன் ஓடறதுக்கு நேரம் குடுக்குது."

சென்னை இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு வருஷம் என் சைட்டுகளில்தான் என்ஜினீயராக நின்றாள். 'இங்க எதுக்குப்பா இத்தினி கம்பி?' என்று அவள் கேட்காத நாள் கிடையாது. நானும் 'கெடக்கட்டும்' என்று சொல்லாத நாள் கிடையாது. அடுத்த வருஷம் அந்தக் கண்ணாடி அம்மாவே கூப்பிட்டார். இன்று செலின் அங்கே பெரிய ஆள். பாலத்துக்கும் மாடிக்கும் போடப்போகிற பீம்களை முன்கூட்டியே உடைத்துப் பார்ப்பதுதான் வேலை. தினமும் உடைக்கிறாள், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இட்லி கொஞ்சம் கெட்டியாக வந்தால், "உள்ள கம்பி வெச்சியாம்மா, இல்ல அப்பா வெச்சாரா?" என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு கேக் வெட்டும்போது பேரன் முதலில் கத்தியால் குத்திப் பார்த்தான். "தாத்தா கிச்சன் பக்கம் போனாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வெட்டினான். பல் முளைத்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பயல்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சமீபத்தில் அவள் படித்த காலேஜிலேயே புதிய மாணவர்களுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார்களுக்கு நன்றி சொன்னாள். காலாப்பட்டு மீனவர்களுக்கு நன்றி சொன்னாள். சம்மட்டி அடித்த கோதண்டத்துக்குக்கூட நன்றி. பிறகு பீம் கதையைச் சொன்னாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் கதை முழுக்க "எங்க வீட்ல ஒருத்தர் கம்பி வெச்சிட்டாரு" என்றே சொல்லிக்கொண்டு போனாள்.

ஒருத்தர்!

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இருந்தவன் யார்? பதில் தெரிந்திருந்தால் அவள் கம்ப்யூட்டர் படித்திருப்பாள். வலை என்ன செய்கிறது என்று அவளையே இரண்டு தடவை செய்து பார்க்க வைத்தவன் யார்? ஆகவே இதைப் படிக்கிறவர்கள் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்: இனிமேல் எந்த மேடையில் அந்தக் கதையைச் சொன்னாலும், அரியாங்குப்பத்தில் கொட்டகை வைத்திருக்கும் அந்தோணி மேஸ்திரி என்று என் பெயரைச் சொல்ல வேண்டும். நான்தான் வைத்தேன். மூன்றிலும்.