சிவப்புப் பாதையை விட்டுத்தர மாட்டேன்

பேரன்புக்கும், போன ஞாயிற்றுக்கிழமை முதல் பெருங்கோபத்துக்கும் உரிய மருமகன், பனிச்சறுக்குக் கழகத் தலைவர் எலிசேயோ அவர்களுக்கு,

உன்னைப் பெற்றவளுக்கு ஒரே தம்பியும், நீ முதன்முதலாகப் பனியில் தலைகுப்புற விழுந்து புதைந்தபோது காலைப் பிடித்து இழுத்துக் கம்பளி உதறுவதுபோல் உதறி நிறுத்தியவனுமாகிய உன் தாய்மாமன் ஒட்டோரினோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை நீவெஸும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதுவும் உன் செயற்குழுவில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன். அங்கே நீயும் உன் மனைவியும், தாய்மாமனுக்கு அரசாங்க பாஷையில் கடிதம் எழுதித் தரும் உன் கணினியும் சுகமாக இருக்க வேண்டும்.

நிற்க. "மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு" என்று ஆரம்பிக்கிற உன் கடிதம் வந்தது. நான் உனக்கு மதிப்பிற்குரிய உறுப்பினர்! நல்லது. வியாழக்கிழமை செயற்குழு கூடி, ஞாயிறுதோறும் நம் ஊரிலிருந்து மலைக்குப் பேருந்தில் போகிற கூட்டத்தில் நடுத்தரச் சறுக்குவீரர்களுக்குப் பாதை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கி, நில அளவையாளர் லோரிஸ் கையில் கொடுக்கப்போகிறதாம். லோரிஸ் கையில் ஏற்கெனவே கைபேசி இருக்கிறது, பொறுப்பை எந்தக் கையில் வாங்குவான் என்று தெரியவில்லை. "விளக்கம் இருந்தால் எழுத்து மூலம் தரவும்" என்றும் கேட்டிருக்கிறாய். விளக்கம் வண்டி வண்டியாக இருக்கிறது. மன்னிப்புதான் கைவசம் இல்லை.

முதலில், நடுத்தரம் என்றால் என்னவென்று உன் செயற்குழுவுக்குத் தெரியுமா? நீலப் பாதை இருக்கிறதே, அது தொடக்கக்காரர்களுக்கு. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே, பாதியில் நின்று பால் புகட்டி ஏப்பம் விடவைத்து, மறுபடி இறங்கலாம். கறுப்புப் பாதை கைதேர்ந்தவர்களுக்கும், உயில் எழுதி முடித்தவர்களுக்கும். இரண்டுக்கும் நடுவில் சிவப்பு. நடுத்தரச் சறுக்குவீரன் என்பவன் நீலத்தில் இறங்க வெட்கப்படுகிறவன், கறுப்பில் இறங்கப் பயப்படுகிறவன், சிவப்பில் வெட்கமும் பயமும் ஒன்றாகப் படுகிறவன். அவனை மேய்ப்பது படை நடத்துவதைவிடக் கஷ்டம். படைவீரன் அடிபட்டால் விழுகிறான். இவன் யாராவது பார்த்தாலே விழுந்துவிடுகிறான். போதாததற்கு, வழிகாட்டிப் பலகையில் அடித்திருக்கிற சிவப்பு காலை முதல் மாலை வரை ஒரே சிவப்பு, பாதை அப்படியா? காலையில் கண்ணாடி, நண்பகலில் வெண்ணெய், அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு தோண்டிய வயல். ஆகவே சிவப்பைத் தேர்ந்தெடுப்பது என்றால் சூரியனைத் தேர்ந்தெடுப்பது. காலையில் கிழக்கு பார்த்த சரிவு, பிற்பகலில் மேற்கு பார்த்த சரிவு, நடுவில் மதியத்துக்குப் பொலெந்தாக் களி. இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான். சூரியன் இதுவரை ஒழுங்காகக் கடைப்பிடித்து வருகிறது.

உன் முதல் குற்றச்சாட்டு, காலையில் 'விரியன்' பாதைக்குக் கூட்டிப்போனது. விரியன் கிழக்கு பார்த்த சரிவு. அன்றைக்கு மேகம் வந்து சூரியனை மறைத்தால் அதற்கு நானா பொறுப்பு? மேகத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினாயா? பனி கொஞ்சம் இறுகிப்போய் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போல இருந்தது. விளிம்பில் போய் எல்லோரும் வரிசையாக நின்றோம். மருந்துக்கடை தொரீனா அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஒட்டோரினோ, இதுவா சிவப்பு? கீழ தரையே காணோமே!"

"தரை இருக்கும்மா. கொஞ்சம் தள்ளி இருக்கு."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க," என்றார் நோட்டரி பஸ்குவாலோத்தோ. "கடைசில என் முதுகுதான் தரையக் கண்டுபிடிச்சுது."

அப்போது லோரிஸ் கைபேசியை நீட்டினான். "மாமா, இந்தப் பாதைக்கு ரெண்டு நட்சத்திரம்தான் குடுத்திருக்காங்க."

"ஏன் தம்பி, இது சறுக்குப் பாதையா, ஓட்டலா? படுத்துத் தூங்கவா வந்திருக்கோம்?"

நான் கேட்டு வாய் மூடவில்லை, தொரீனா அம்மா படுத்துவிட்டார். படுத்தவர் அப்படியே புறப்பட்டும் விட்டார். போகிற வழியில் நோட்டரியையும், 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையையும், எங்கிருந்தோ வந்திருந்த ஒரு தேனிலவுத் தம்பதியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே சேர்ந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. அந்தத் தம்பதி தொரீனா அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். காலையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். இதையெல்லாம் உன் கடிதம் "ஒழுங்கற்ற இறக்கம்" என்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு, மதிய உணவு நீண்டுபோனது. எலிசேயோ, நீ இத்தாலியனா இல்லையா? மலை விடுதி வாசலில் நாற்காலிகளை வெயில் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மேகமும் ஒருவழியாக வெட்கப்பட்டு விலகியிருந்தது. எல்லோரும் சறுக்குக் காலணியின் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, சூரியகாந்திப் பூக்கள் மாதிரி முகத்தை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். பொலெந்தா வந்தது. உருகிய பாலாடைக்கட்டி வழிய, காளானும் கொழுத்த பன்றி இறைச்சிக் குழலும் மேலே சவாரி செய்ய, அந்தச் சோளக்களி மஞ்சள் மலைபோல வந்தது. பக்கத்து மலை கொஞ்சம் குனிந்து வழிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதன்மேல் சூடான முட்டைச் சாராயம், தலையில் நுரைக் கிரீடத்துடன். காலையில் விரியனில் போன உயிரெல்லாம் ஒவ்வொன்றாக அவரவர் உடம்புக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. உயிர் திரும்பி வரும்போது அவசரப்படுத்தலாமா? லோரிஸ் அவசரப்படுத்தினான்.

"மாமா, கெளம்பலாம். மேடு தாண்டிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போறதா இருந்தா, திரும்பி வர்ற லிஃப்ட மூடிடுவாங்க."

"லிஃப்ட் எங்கயும் ஓடிப்போகாது தம்பி. கம்பியிலதானே கட்டித் தொங்க விட்டிருக்காங்க?"

இதை உன் கடிதத்தில் அப்படியே மேற்கோள் காட்டியிருக்கிறாய். காட்டு. நல்ல வாசகம்தான்.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு, அதாவது 'மணப்பெண்' பாதை. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிற நீண்ட சிவப்பு. மேற்கு பார்த்த சரிவு, பிற்பகல் வெயில், அகலமான முதுகு, ஊசியிலை மரங்களுக்கு நடுவில் மெதுவாக வளைந்து வளைந்து போகிற உடம்பு. மருமகனே, அன்றைக்கு அங்கே நீ இருந்திருக்க வேண்டும். நோட்டரி தன் கால்களைக் குனிந்து பார்க்காமல் இறங்கினார். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுபோல இடமும் வலமும் ஒரே சீராகக் கோடு இழுத்தார். தொரீனா அம்மா பாடினார். உன் அத்தை நீவெஸ், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் போகாதவள் (கதவு, சாப்பாடு, சண்டை நீங்கலாக), என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கீழே வந்ததும் இவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள்: "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" நான் என்ன, கல்லா? பாதி வழி வரை போகிற சின்ன லிஃப்டில் ஏறி, இன்னொரு தடவை இறங்கினோம். இறங்கி முடித்துப் பெரிய லிஃப்டுக்கு வந்தால், அங்கே ஒருவர் சங்கிலியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க!"

"மூடியாச்சு ஐயா. மேல இருந்த ஆளும் எறங்கிட்டாரு."

"நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? போன வருஷமும் நீங்கதான் வந்தீங்க."

இந்த ஒரு பதிலுக்காக மட்டும் அந்தப் பள்ளத்தாக்கை நான் மன்னிக்க மாட்டேன். நம் பேருந்து மேட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நடுவில் மலை. நட்சத்திரம் எண்ணுகிற லோரிஸின் கைபேசி, நடந்து போனால் மறுநாள் மதியம் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. ஆகவே சறுக்குக் காலணியோடு, இரும்பு வாத்துகள் மாதிரி டக்கு டக்கென்று நடந்து, கடைத்தெருக் காபிக்கடையில் போய் உட்கார்ந்தோம். நீ பேருந்தில் தொடக்கக்காரர்களையும் வல்லவர்களையும் ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றி இரண்டு கணவாய் ஏறி இறங்கி வந்து சேர்ந்தாய். அந்த வளைவுகளில் உள்ளே இருந்த பாதிப் பேருக்கு வயிறு புரண்டதும் எனக்குத் தெரியும், மீதிப் பாதி என் பெயரைச் சொல்லித் திட்டியதும் தெரியும். ஓட்டுநர் தர்சீசியோ கதவைத் திறந்து, "அண்ணே, அடுத்த ஞாயிறு எந்த நாட்டுக்கு வந்து ஏத்திக்கணும்? இப்பவே சொல்லிடுங்க," என்றான். முன் இருக்கையில் நீ தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்த உன் அம்மா உனக்கும் சேர்த்துப் பேசினாள்: "எலிசேயோ, உன் மாமன இங்கயே விட்டுட்டுப் போயிடலாம்டா. பனி உருகினதும் வந்து எடுத்துக்கலாம்."

சரி. இவ்வளவுதான் என் குற்றம். இப்போது நான் கேட்கிறேன், பாதை தேர்ந்தெடுக்கிறவனின் வேலை என்ன? விளிம்பில் முதல் ஆளாகப் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். அப்போது முதுகுக்குப் பின்னால் சரக் சரக்கென்று ஒவ்வொருவராக இறங்கி வருகிற சத்தம் கேட்கும். அவனுக்குக் கூலி அது ஒன்றுதான். வியாழக்கிழமை நீங்கள் கையைத் தூக்கிக் கையைத் தூக்கி என்னிடமிருந்து எடுக்கப்போவது அந்தச் சத்தத்தை. தர மாட்டேன். லோரிஸ் நல்ல பையன்தான். ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாதை பிடிக்கிறவன் கப்பலுக்குப் போகட்டும், மலைக்கு எதற்கு? செயற்குழு என்ன தீர்மானம் போட்டாலும் சரி, அடுத்த ஞாயிறு நான் சிவப்பின் விளிம்பில் நிற்பேன். ஒருவரும் பின்னால் வராவிட்டால் தனியாக இறங்குவேன். சிவப்பை விட்டு ஒரு முழம்கூட நகர மாட்டேன். ஒட்டோரினோ நீலப் பாதையில் இறங்கினான் என்று யாராவது உன்னிடம் வந்து சொன்னால், அது நானில்லை. என் உடுப்பைத் திருடிப் போட்டுக்கொண்ட எவனோ ஒருவன் என்று உடனே போலீசுக்குச் சொல்.

உன் அம்மாவுக்கு என் அன்பு; பனி உருகினாலும் அது உருகாது என்று சொல். உன் மனைவிக்கு ஆசிகள். உன் சறுக்குப் பலகையின் விளிம்பு மழுங்காமல், காலணிக்குள் ஈரம் இறங்காமல், எந்தச் சரிவிலும் கால் இடறாமல், தாய்மாமன் சொல்லைத் தட்டாமல், நீ நெடுங்காலம் நிமிர்ந்து நின்று சறுக்குவாயாக.

இப்படிக்கு,
விளிம்பில் நிற்கும் உன் மாமன்,
ஒட்டோரினோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தொரீனா அம்மா, நோட்டரி, அன்றைக்கு வந்த நடுத்தரக் கூட்டம் முழுக்க வாசலில். எனக்காகப் போராட வந்திருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். லோரிஸ் அடுத்த ஞாயிறுக்குத் திட்டம் அனுப்பிவிட்டானாம்: காலை முதல் மாலை வரை சிவப்பு, மதியம் நின்றபடி ஆளுக்கொரு கடலை மிட்டாய். "நாங்க லோரிஸ் பின்னால போகல," என்றார் தொரீனா அம்மா. "பாத்தீங்களா, சிவப்புக்கு நான்தான்!" என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "சிவப்பே எங்களுக்கு வேண்டாம் ஒட்டோரினோ," என்றார் தொரீனா அம்மா. "உங்க முன்னாடி சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இத்தன வருஷமா உருண்டுக்கிட்டிருக்கோம். நீங்க வேணும், பொலெந்தா வேணும். நீலத்துல எங்களுக்கு முன்னால எறங்குவீங்களா?" நான் நீவெஸைப் பார்த்தேன். "என்ன எதுக்குப் பாக்கறீங்க? அவங்களக் கூட்டிட்டு வந்ததே நான்தான்," என்றாள். பிறகு, என் முழங்காலையும் ஒரு பார்வை பார்த்தாள்.

ஆகவே, வியாழக்கிழமை இந்தக் கடிதத்தைச் செயற்குழுவில் உரக்கப் படிக்கும்போது, சிவப்பு என்று வருகிற இடத்திலெல்லாம் நீலம் என்று மாற்றிப் படி. நீலத்தைப் பற்றி எழுதியிருப்பதை இருமலோடு விழுங்கிவிடு. கோபத்தை மட்டும் கொஞ்சமும் குறைக்காதே.