அரிசி டின்னுக்குள் ஒரு மீட்டர்

கும்மிடிப்பூண்டி பக்கம் கீரி, உடும்புக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் ஜீவராசி, அளவுக்காரர். பார்வைக்கு நம்மைப்போலத்தான் இருப்பார். சட்டைப்பையைக் கவனியுங்கள்: பேனா ஒன்று இருக்கும். அது பேனா இல்லை. நுனியைத் தண்ணீரில் விட்டால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறதென்று எண் காட்டும் மீட்டர். இடுப்பில் ஒரு துப்பாக்கி. பயப்படாதீர்கள், கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதுதான். கொரோனா போய்விட்டது. துப்பாக்கி போகவில்லை.

கவரைப்பேட்டை ஜெரால்டு இந்த இனத்தில் அசல் வித்து. கம்பி கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அங்கே எந்தப் பொருளுக்கும் மூன்றே கதிதான்: பாஸ், ஹோல்டு, ரிஜெக்ட். கம்பிக்குச் சரி. இட்லிக்குமா? ஆவி பறக்கும் இட்லியைத் துப்பாக்கியால் சுட்டு, "அறுவத்தெட்டு டிகிரி, ஹோல்டு" என்று ஒதுக்கி, பேப்பர் படித்து, மறுபடி சுட்டு, "முப்பத்தஞ்சு, ரிஜெக்ட்" என்று தட்டைத் தள்ளுகிற மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய கிறிஸ்டினாவுக்கு எந்தச் சர்க்கார் மெடல் கொடுத்தது? பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத் தொட்டியில் அவர் மீட்டரை விட, "ஜெரால்டு, பாவத்துக்கெல்லாம் இதுல ரீடிங் வராதுப்பா" என்று ஃபாதர் கையைப் பிடித்துக்கொண்டது ஊரறிந்த கதை.

ஊர் சிரித்தது. கிறிஸ்டினா சிரிக்கவில்லை. அவள் மகள் சோனியாவுக்கு வந்த முதல் வரனை இவர் வாசலிலேயே நெற்றியில் சுட்டு, "நூறு டிகிரி ஜுரம், பையன் ஹோல்டு" என்றார். பையன் வெயிலில் பைக் ஓட்டி வந்திருந்தான்; அதே வெயிலில் திரும்பிப் போனான். இரண்டாவது வரனின் அம்மா வாயருகே கொண்டுபோன காபியில் மீட்டர் முங்கியது. மூன்றாவதாக வருகிறவன் வசந்தகுமார். காக்களூர் கம்பெனியில் சோனியாவோடு ஒரே ஷிஃப்ட். அவளே பிடித்துப்போய்ச் சொன்னவன்.

"இதையும் டாடி கெடுத்தாருன்னா, நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்க்கினே இருப்பேன்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெரால்டு குளிக்கப்போன நேரம் பார்த்து, மீட்டரையும் துப்பாக்கியையும் அரிசி டின்னின் அடியில் புதைத்தாள் கிறிஸ்டினா.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வசந்தகுமார், அவன் அப்பா சின்னதுரை, அம்மா செண்பகம். சின்னதுரை உட்கார்ந்ததோடு சரி, வாயே திறக்கவில்லை. செண்பகம் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க. எங்க ஊட்டு போர் தண்ணி தவிர எனக்கு எதுவும் ஒத்துக்காது."

ஜெரால்டின் கை சட்டைப்பைக்குப் போனது. வெறும் பை. எழுந்து சமையலறைக்குள் போனார். தேடவே இல்லை. அரிசி டின்னைத் திறந்து ஸ்கேலை விட்டார். நேற்று பதினெட்டு சென்டிமீட்டர் இருந்த அரிசி இன்று இருபது. சமைக்கச் சமைக்க ஏறுகிற அரிசி உலகத்தில் உண்டா?

அரிசி உதிர உதிர மீட்டரோடு திரும்பி வந்தார். பாட்டிலைத் திறந்தார். விட்டார்.

"அறுநூத்தி நாப்பது. ரிஜெக்ட்."

கேசரித் தட்டோடு கிறிஸ்டினா நின்ற இடத்திலேயே நின்றாள். சோனியா கதவைப் பிடித்துக்கொண்டாள். செண்பகத்தின் முகம் சிவந்து கறுத்தது.

"இன்னாது? நாங்க இன்னா சாக்கடையா குடிக்கிறோம்?"

அப்போதுதான் சின்னதுரை வாயைத் திறந்தார்.

"எவ்ளோ காட்டுது?"

"அறுநூத்தி நாப்பதுங்க."

"சான்ஸே இல்ல. காலைல நானே பார்த்தேன், ஐநூத்தி எம்பது." சொல்லிக்கொண்டே தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். அது பேனா இல்லை.

செண்பகம் தலையிலடித்துக்கொண்டாள். "சம்மந்தி, இந்தப் பேஜாரு உங்க ஊட்லயும் கீதா?"

சம்மந்தி! கிறிஸ்டினாவின் காதில் தேன் பாய்ந்தது. "இருபத்தாறு வருஷமா."

"எனக்கு முப்பது. பால்காரன் எங்க தெருப்பக்கமே வர்றதில்ல. வாங்க, உள்ள போய்ப் பேசலாம்."

பத்தே நிமிஷம். தேதி, மண்டபம், பிரியாணி எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லலாமென்று வெளியே வந்தால் கூடத்தில் வசந்தகுமாரும் சோனியாவும் மட்டும் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். அப்பாக்கள் இருவரும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"இன்னாங்க, கல்யாணம் பேசி முடிச்சாச்சு!" என்று கீழிருந்து கத்தினாள் கிறிஸ்டினா.

"இரும்மா, ரீடிங் நிக்கட்டும்!" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

சிரிக்கிறீர்கள். நல்லது. ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று காலையில் உங்கள் உடம்பைக் கேட்டீர்களா, கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைக் கேட்டீர்களா? மழை வருகிறதா என்று ஜன்னலைத் திறந்தீர்களா, போனைத் திறந்தீர்களா?

எதற்கும் உங்கள் வீட்டு அரிசி டின்னை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருக்கலாம்.